ஆச்சியின் சொதியும் ஐம்பது கேம் சிடியும்: பழைய கேம்கள் புதுக் கணினியில் ஏன் மக்கர் பண்ணுகின்றன?

போன தீபாவளிக்குப் பாளையங்கோட்டை வீட்டில் பரணை ஒழித்தபோது ஒரு சிடி கிடைத்தது. 90களின் கடைசியில் ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடைபாதையில் 30 ரூபாய்க்கு வாங்கியது. மேலே "50 கேம்ஸ்" என்று அச்சடித்திருக்கும், எண்ணிப் பார்த்தால் 37தான் தேறும். அக்கா மகனுக்கு ஒரே குஷி. அவன் லேப்டாப்பில் சிடி போட வாயே கிடையாது என்பதால் பக்கத்து வீட்டில் ஒரு யுஎஸ்பி டிரைவை இரவல் வாங்கி வந்து மாட்டினான். முதல் கேம் திறக்கவே மறுத்துவிட்டது. இரண்டாவது திறந்தது, ஆனால் கார் இந்த முனையில் தெரிந்தது, அடுத்த நொடி அந்த முனையில் சுவரில் இடித்துக்கொண்டு நின்றது, நடுவில் ஓடியதை யாரும் பார்க்கவில்லை. மூன்றாவதில் திரை கறுத்தது, அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி டெஸ்க்டாப் திரும்பி வந்துவிட்டது.

"மாமா, இந்த சிடி மொத்தமே 600 எம்பிதான். என் லேப்டாப்ல 16 ஜிபி ரேம் இருக்கு. பொறவு ஏன் ஓடமாட்டக்கு?" என்றான்.

அத்தான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "எமுலேட்டர் போட்டா ஓடும்லா" என்றார்.

இந்த இரண்டு பேச்சும் ஊரெல்லாம் கேட்கிற பேச்சுதான். புதுக் கணினி பலசாலி, எனவே பழைய கேம் அதற்குத் தூசு என்பது ஒன்று. ஓடவில்லையென்றால் "எமுலேட்டர்" என்று ஏதோ இருக்கிறது, அதைப் போட்டால் சரியாகிவிடும் என்பது இன்னொன்று. முதலாவது தப்பு. இரண்டாவது, நான்கைந்து வேறு வேறு சமாச்சாரங்களை ஒரே சாக்கில் போட்டுக் கட்டியது. இதை விளங்கிக்கொள்ளக் கணினி தெரிந்திருக்க வேண்டியதில்லை, கொஞ்சம் அடுப்படி தெரிந்தால் போதும்.

## ஆச்சியின் நோட்டு

எங்கள் ஆச்சி சொதி வைக்கும் விதத்தை ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்திருந்தாள். ஏறக்குறைய இப்படி இருக்கும்: பாசிப்பருப்பு ஒரு உழக்கு. தேங்காயை ஆட்டுரலில் அரைத்து மூன்று பால் எடு. பின்கட்டு மரத்தில் முருங்கைக்காய் பறித்து நறுக்கு. மூன்றாம் பாலில் காய்களைப் போட்டு, இரண்டு விறகு எரிந்து தீருமட்டும் வேகவிடு. கடைசியாக முதல் பால், அதைக் கொதிக்க விடாதே.

இந்த நோட்டை சென்னையில் எட்டாவது மாடியில் இருக்கும் மதினி கையில் கொடுத்துப் பாருங்கள். அவளிடம் கேஸ் அடுப்பு, மிக்ஸி, ஃப்ரிட்ஜ் எல்லாம் இருக்கிறது, ஆச்சியின் அடுப்படியைவிடப் பத்து மடங்கு வசதி. ஆனால் நோட்டில் எழுதியதை எழுதியபடி செய்ய அவளால் முடியாது. உழக்கு என்றால் எவ்வளவு என்று தெரியாது. பின்கட்டும் இல்லை, மரமும் இல்லை. இரண்டு விறகு எரியும் நேரம் என்பது கேஸ் அடுப்பில் அர்த்தமே இல்லாத கணக்கு. வசதி கூடக்கூட நோட்டு சுலபமாகவில்லை, இன்னும் அந்நியமாகத்தான் போகிறது, ஏனென்றால் ஆச்சி தன் அடுப்படி முன்னால் இருக்கிறது என்று நினைத்துத்தான் எழுதினாள்.

கேம் என்பதும் இப்படி ஒரு நோட்டுதான். வரிசையாக எழுதிய கட்டளைகள். அந்தக் கட்டளைத் தொகுப்பை நிரல் என்போம். கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்துச் செய்கிற சில்லுக்கு ப்ராசசர் என்று பெயர், சமையல்காரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிரலுக்கும் கணினியின் உறுப்புகளுக்கும் நடுவில் நின்று நிர்வாகம் பார்ப்பது ஆப்பரேட்டிங் சிஸ்டம். விண்டோஸுக்கு முன்னால் இருந்த டாஸ், அப்புறம் விண்டோஸ், லினக்ஸ் எல்லாம் இந்த ரகம்.

இதுவரை பார்த்ததை ஒரு வாயில் சொன்னால்: பழைய கேம் தனக்கென ஓர் அடுப்படியை மனதில் வைத்து எழுதப்பட்டது, அந்த அடுப்படி இப்போது இல்லை. சரி, எது எது இல்லை?

## இரண்டு விறகு எரியும் நேரம்

முதலில் வேகம். 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் ப்ராசசர் 4.77 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 47 லட்சத்து 70 ஆயிரம் துடிப்பு. அந்தக் காலத்தில் கேம் எழுதியவர்களில் பலர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. காரை ஓர் அடி நகர்த்து, அப்புறம் ஒன்றிலிருந்து பத்தாயிரம் வரை சும்மா எண்ணு, மறுபடி ஓர் அடி நகர்த்து என்று எழுதிவிட்டார்கள். அந்த எண்ணிக்கைதான் ஆச்சியின் இரண்டு விறகு. எண்ணும் ஆள் வேகமானால் கார் பறக்கும்.

இது புதிய பிரச்சினை என்று நினைக்காதீர்கள். 386, 486 என்ற ப்ராசசர்கள் காலத்துக் கணினிப் பெட்டிகளின் முகப்பில் "டர்போ" என்று ஒரு பட்டன் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதை அமுக்கினால் ஏதோ ராக்கெட் மாதிரி வேகம் கூடும் என்று நாங்களும் சின்ன வயதில் அமுக்கி அமுக்கிப் பார்த்திருக்கிறோம். உண்மையில் அது இருந்ததே வேகத்தைக் குறைப்பதற்கு: டர்போவை அணைத்தால் கணினி ஊர்ந்து, பழைய நிரல்கள் பழைய வேகத்துக்குக் கிட்டத்தட்ட வரும்.

இதில் எனக்குப் பிடித்த விபத்து ஒன்று உண்டு. நிரல் எழுதுவதற்கென்று போர்லாண்ட் நிறுவனம் விற்ற டர்போ பாஸ்கலில் எழுதிய நிரல்கள் 90களின் பின்பாதியில் புதுக் கணினிகளில் திறந்தவுடன் "ரன்டைம் எரர் 200" என்று சொல்லிச் செத்தன. காரணம் வேடிக்கையானது. அந்த நிரல்கள் தொடங்கும்போதே கணினியின் வேகத்தை அளந்துகொள்ளும், 55 மில்லிநொடியில் எத்தனை சுற்று சுற்ற முடிகிறது என்று எண்ணி, அதை 55ஆல் வகுத்து, விடையை ஒரு சிறிய பெட்டியில் போட்டு வைக்கும். அந்தப் பெட்டியில் 65,535க்கு மேல் கொள்ளாது. சுமார் 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிய கணினிகளில் விடை அதற்கு மேலே போனது, பெட்டி நிரம்பி வழிந்தது, நிரல் படுத்துவிட்டது. வேகத்தைச் சமாளிக்கவென்றே வைத்த ஏற்பாடு வேகத்தாலேயே கெட்டது!

விண்டோஸ் காலத்திலும் இது தொடர்ந்தது. எக்ஸ்பியோடு வந்த பின்பால் ஞாபகம் இருக்கிறதா? கணினிகள் வேகமான பிறகு அது தன்னால் முடிந்த மட்டும் படம் வரைந்துகொண்டே இருந்து ப்ராசசரை முழுசாகத் தின்றதாகவும், நொடிக்கு 100 படத்துக்கு மேல் வரையாதே என்று தான் கட்டுப்பாடு வைத்ததாகவும் மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் எழுதியிருக்கிறார். வண்ணார்பேட்டை பிரவுசிங் சென்டர்களில் ஸ்கூல் யூனிஃபார்மோடு உட்கார்ந்து வைஸ் சிட்டி ஆடியவர்கள் அதன் அமைப்புகளில் "ஃபிரேம் லிமிட்டர்" என்று ஒன்றைப் பார்த்திருப்பார்கள். அதை அணைத்தால் படம் வழுக்கிக்கொண்டு போகும், ஆனால் வண்டி ஓட்டம் கோணலாகிவிடும். நொடிக்கு 30 படம் என்ற கணக்கில் எழுதிய இயக்கம் அது.

## உழக்குக்குள் அடங்காதது

அக்கா மகனின் முதல் கேம் திறக்கவே இல்லை என்றேனே, அதற்கு வேகம் காரணமில்லை. அது 16 பிட் நிரல்.

பிட் என்பதை அளவுப் பாத்திரம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ப்ராசசர் ஒரு கையெடுப்பில் எவ்வளவு பெரிய எண்ணை அள்ளும் என்பதற்கான அளவு அது. 16 பிட் என்றால் 65,536 வெவ்வேறு எண்கள். 32 பிட் என்றால் சுமார் 429 கோடி. 64 பிட் என்றால் அதை அதனாலேயே பெருக்கிக்கொள்ளுங்கள், என்னால் முடியாது. டாஸ் நிரல்கள் பெரும்பாலும் 16 பிட் உலகத்தில் எழுதியவை. இன்றைய விண்டோஸ் 64 பிட். அது 32 பிட் நிரல்களை ஓட்டுவதற்கு உள்ளேயே ஏற்பாடு வைத்திருக்கிறது, 16 பிட் நிரல்களுக்கு அந்த ஏற்பாடே கிடையாது. விண்டோஸ் 10 வரை 32 பிட் பதிப்பும் வந்தது, அதில் ஓரளவு ஓடும். 2021இல் வந்த விண்டோஸ் 11இல் 64 பிட் மட்டும்தான், எனவே கதவு மூடிவிட்டது.

இதில் ஓர் ஏமாற்று உண்டு. விண்டோஸ் 95 காலத்து கேம்கள் பலவற்றில் கேம் 32 பிட், ஆனால் அதை நிறுவுகிற செட்டப் நிரல் 16 பிட். கேம் நன்றாகவே ஓடும், ஆனால் வீட்டுக்குள் கொண்டுவர வழியில்லை. கட்டிலை மாடிக்கு ஏற்றும்போது படிக்கட்டுத் திருப்பத்தில் மாட்டிக்கொள்ளுமே, அந்தக் கதை. இந்த மாதிரி ஆட்களைப் பார்த்து "கேம் பழசு, ஓடாது" என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பாவம்.

## பின்கட்டு முருங்கை

மூன்றாவது, கையை நீட்டிப் பறிப்பது. டாஸில் ஒரு நிரல் ஓடினால் கணினி முழுக்க அதன் கையில். 1989இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் கார்டில் சத்தம் வர வேண்டுமா, கேம் நேரடியாகப் போய் 220ஆம் எண் கதவைத் தட்டும். யாரிடமும் கேட்க வேண்டாம். அதனால்தான் பழைய கேம்கள் தொடங்கும்போதே "போர்ட் 220ஆ, ஐஆர்க்யூ 5ஆ 7ஆ" என்று நம்மிடம் விசாரிக்கும், நமக்கு ஒன்றும் புரியாது, சத்தம் வருகிறவரை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருப்போம்.

இன்றைய விண்டோஸ் அப்படி யாரையும் உள்ளே விடாது. கோயில் மடப்பள்ளி மாதிரி. வேண்டியதைக் கேட்டால் உள்ளே இருப்பவர் கொண்டுவந்து தருவார், நாமே போய் அள்ள முடியாது. ஒரு நிரல் தப்பு செய்தால் மொத்தக் கணினியும் படுக்காமல் இருக்க இது அவசியம்தான். ஆனால் நேராகப் போய்ப் பழகிய பழைய கேம் வாசலில் முட்டிக்கொண்டு நிற்கும். தவிர, 220ஆம் எண் வீட்டில் குடியிருந்த அந்த கார்டே இப்போது இல்லை.

இதே வகையில் நிறச் சிக்கலும் உண்டு. இந்த சிடியை 2010 வாக்கில் அக்கா வீட்டு விண்டோஸ் 7 கணினியில் ஒருமுறை போட்டிருக்கிறேன். ஒரு கேமில் புல் ஊதா நிறத்தில் இருந்தது. கேம் கெட்டுவிட்டது என்று நினைத்தேன், கெடவில்லை. அந்தக் கால கேம்கள் ஒரே நேரத்தில் 256 நிறங்களைத்தான் பயன்படுத்தும். மார்கழியில் கோலப்பொடி டப்பாக்களை வரிசையாக வைத்து எண் போட்டிருப்பதாக நினையுங்கள். கேம் "பச்சை" என்று சொல்லாது, "37ஆம் டப்பா" என்று சொல்லும். அந்த டப்பா வரிசைக்கு பேலட் என்று பெயர். விண்டோஸ் 7இல் டெஸ்க்டாப்பைக் காட்டுகிற எக்ஸ்ப்ளோரர் நிரல் பின்னாலிருந்து சில டப்பாக்களில் பொடியை மாற்றிவிடும். 37இல் ஊதா இருந்தால் புல் ஊதாதான். 1999இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 இதற்குப் பேர்போனது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து எக்ஸ்ப்ளோரரை நிறுத்திவிட்டு கேமைத் தொடங்கினால் புல் பச்சையாகிவிடும். கேட்கக் கோமாளித்தனமாக இருந்தாலும் சரியான வைத்தியம் அதுதான்.

ஆக மூன்று வியாதி: நேரக் கணக்கு மாறிப்போனது, அளவு மாறிப்போனது, கை நீட்டிய இடத்தில் ஆள் இல்லாமல் போனது. எந்தக் கேமுக்கு எது என்று தெரிந்தால்தான் மருந்து சொல்ல முடியும்.

## அத்தான் சொன்ன "எமுலேட்டர்"

இப்போது மதினியின் அடுப்படிக்குத் திரும்பலாம். சொதி வேண்டும், என்ன செய்யலாம்?

சின்ன வழி முதலில். மதினியிடம் சும்மா "நீ ஊரில்தான் இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்" என்று சொல்வது. விண்டோஸில் ஒரு நிரலின் மேல் வலது பக்கம் சொடுக்கினால் வரும் கம்பாட்டிபிலிட்டி மோட் இந்த ரகம். அதில் "விண்டோஸ் 95" என்று தேர்ந்தெடுத்தால் உள்ளே பழைய விண்டோஸ் 95 வந்து உட்கார்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், நானும் நினைத்திருந்தேன். அப்படி எதுவும் வராது. "நீ ஓடுவது எந்த விண்டோஸில்?" என்று கேம் கேட்டால் "95" என்று ஒரு பொய், கூடவே சில பழைய பழக்கங்களைப் பாவனை செய்யும் சின்னச் சின்ன ஒட்டுக்கள். பொய் போதுமான இடத்தில் வேலை செய்யும், மற்ற இடத்தில் செய்யாது.

அடுத்தது, பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு நோட்டில் "ஆட்டுரல்" என்று வரும்போதெல்லாம் மிக்ஸியில் அரைத்து நீட்டுவது. சமையல்காரி மாறவில்லை, மொழி மாறவில்லை, கேட்ட பொருளுக்கு இங்கே இருக்கும் பொருள் கொடுக்கப்படுகிறது. லினக்ஸில் விண்டோஸ் நிரல்களை ஓட்டும் வைன் இப்படித்தான் வேலை செய்கிறது. 1993இல் தொடங்கிய திட்டம் அது. அதன் பெயரையே "வைன் இஸ் நாட் ஆன் எமுலேட்டர்" என்று விரித்துச் சொல்வார்கள், அந்த அளவுக்கு இந்தக் குழப்பம் பழசு. 2018இல் வால்வ் நிறுவனம் கொண்டுவந்த புரோட்டான் இதன் மேல் கட்டியதுதான். நிரல் "ஒரு ஜன்னல் திற" என்று விண்டோஸைக் கேட்கும், வைன் அதை வாங்கி லினக்ஸிடம் சொல்லித் திறந்து கொடுக்கும். இதில் ஒரு வேடிக்கை, விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் நிரல்களை விண்டோஸ் 11 தொடவே தொடாது, 64 பிட் லினக்ஸில் வைன் பல நேரம் ஓட்டிவிடும். சொந்தப் பிள்ளை கவனிக்காத கிழவரைப் பக்கத்து வீட்டுக்காரன் பார்த்துக்கொள்கிற மாதிரி.

மூன்றாவதுதான் உண்மையான எமுலேட்டர். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

## எமுலேட்டர் உள்ளே என்ன செய்கிறது

"சாரம்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊரில் இடுப்பில் கட்டுகிற கைலி. வேறு ஊரில் போய் "சாரம் வேண்டும்" என்றால் கட்டட வேலைக்குக் கம்பு கட்டுவதா என்று கேட்பார்கள். ஒரே ஒலி, பொருள் வேறு. ப்ராசசர்களும் அப்படித்தான். அவற்றுக்கு எல்லாக் கட்டளையும் வெறும் எண்கள். நம் வீடுகளில் டிவியில் மாட்டி ஆடிய கேசட் கேம் பெட்டிகள் பெரும்பாலும் 1983இல் ஜப்பானில் வந்த நின்டெண்டோ ஃபேமிகாமின் நகல்கள். அதன் ப்ராசசருக்கு 169 என்ற எண் வந்தால் "அடுத்து வரும் எண்ணை எடுத்து உன் கைப்பெட்டியில் வை" என்று அர்த்தம். அதே 169 இன்டெல் ப்ராசசரிடம் போனால் "கைப்பெட்டியில் இருப்பதை அடுத்து வரும் எண்ணோடு வைத்துச் சோதி" என்று அர்த்தம். நேரடியாகக் கொடுத்தால் கைலி கேட்டவனுக்கு மூங்கில் கம்பு வரும்.

எமுலேட்டர் என்பது, இல்லாத ஒரு கணினியை நிரலாகவே எழுதிக் காட்டுவது. கேமிலிருந்து ஓர் எண்ணை எடுக்கும், அந்தப் பழைய ப்ராசசரின் அகராதியில் அதற்கு என்ன பொருள் என்று பார்க்கும், அந்த வேலையைப் புதுக் கணினியின் மொழியில் செய்து முடிக்கும், அடுத்த எண்ணுக்குப் போகும். ஒரு எண்ணுக்குப் பழைய சில்லு இரண்டு துடிப்பு எடுத்த இடத்தில் இது பத்து இருபது கட்டளைகள் செய்ய வேண்டிவரலாம். பத்தாததற்கு அந்தப் பெட்டியில் படம் வரைவதற்குத் தனிச் சில்லு ஒன்று உண்டு, ப்ராசசர் ஒருமுறை துடிக்கும்போது அது மூன்று முறை துடிக்கும், சத்தம் உண்டாக்கும் பகுதி ப்ராசசர் சில்லுக்குள்ளேயே இருக்கும், எல்லாம் ஒன்றுக்கொன்று பிசகாமல் சேர்ந்து ஓட வேண்டும். நாதஸ்வரம், தவில், ஒத்து மூன்றையும் ஒரே ஆள் வாசித்துக்காட்டுவது போல. அந்தப் பெட்டியின் வேகம் சுமார் 1.8 மெகாஹெர்ட்ஸ்தான், சூப்பர் மரியோ பிரதர்ஸ் கேசட்டில் இருந்தது வெறும் 40 கேபி. அதை ஓட்ட ஏன் இவ்வளவு கணினி வேண்டும் என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். கேம் சின்னது, ஆனால் நாம் கேமை ஓட்டவில்லை, ஒரு பெட்டியை முழுசாக நடித்துக்கொண்டிருக்கிறோம்.

டாஸ் கேம்களுக்கு 2002இல் வந்த டாஸ்பாக்ஸ் இந்த வகை. ப்ராசசர், சவுண்ட் பிளாஸ்டர், திரை கார்டு, டாஸ் எல்லாவற்றையும் அதுவே நடிக்கிறது, 220ஆம் கதவைத் தட்டினால் உள்ளிருந்து பதில் வரும். நம்ம பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் படித்தவர்கள் பலர் தெரியாமலே இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். லேபில் சி மொழியில் நிரல் எழுதிப் பழக டர்போ சி என்று ஒரு நீலத் திரை, அதைப் புது லேப்டாப்பில் போட சீனியர் ஒரு ஜிப் ஃபைல் தருவார், அதற்குள் ஓசைப்படாமல் உட்கார்ந்திருப்பது டாஸ்பாக்ஸ். கேம் ஆடுவதற்காக எழுதிய நிரலின் தோளில் ஏறித்தான் பல பேர் சி மொழிப் பாடம் படித்தார்கள்.

நான்காவது, விர்ச்சுவல் மெஷின். மதினியின் வீட்டிலேயே ஒரு அறையைத் தடுத்து அங்கே முழு அடுப்படி வைத்துக்கொடுப்பது. அதற்குள் விண்டோஸ் எக்ஸ்பியை முழுசாக நிறுவலாம். எமுலேட்டரிலிருந்து வேறுபாடு என்னவென்றால், இங்கே பெரும்பாலான கட்டளைகளை உண்மையான ப்ராசசரே நேரடியாகச் செய்கிறது, மொழிபெயர்ப்பு இல்லை, அதனால் வேகம். அந்த வேகமே சில கேம்களுக்கு எமன். முப்பரிமாண கேம்களுக்கும் அவ்வளவு தோதுப்படாது. ஆபீஸ் மென்பொருளுக்கு அருமை, கேமுக்குச் சுமார் என்பது என் அனுபவம்.

கடைசி வழி, நோட்டையே மிக்ஸிக்கும் கேஸுக்கும் தக்கபடி திருத்தி எழுதிவிடுவது. 1993இல் வந்த டூம் கேமின் மூல நிரலை ஐடி சாஃப்ட்வேர் 1997இல் வெளியிட்டது. அதை எடுத்து ஆட்கள் புதுக் கணினிகளுக்கு ஏற்ற பதிப்புகள் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். இதற்கு சோர்ஸ் போர்ட் என்று பெயர். ஸ்கம்விஎம் என்பதும் இந்தக் குடும்பம்தான், பழைய சாகச கேம்களை இயக்கும் பகுதியை மட்டும் புதிதாக எழுதி, படமும் கதையும் பழைய ஃபைல்களிலிருந்தே எடுத்துக்கொள்ளும். கிடைத்தால் இதுதான் உத்தமம், ஆனால் எல்லாக் கேமுக்கும் கிடைக்காது.

அத்தான் ஒரு சொல்லில் சொன்னதற்குள் இத்தனை இருக்கிறது: பொய் சொல்வது, கேட்டதற்கு ஈடு கொடுப்பது, பெட்டியையே நடிப்பது, தனி அறை கட்டுவது, திருத்தி எழுதுவது. டாஸ் கேமா, நேராக டாஸ்பாக்ஸ். விண்டோஸ் 95, 98 கேமா, முதலில் கம்பாட்டிபிலிட்டி மோட், அப்புறம் மற்றவை. கேசட் கேமா, எமுலேட்டர் மட்டும்தான்.

## கையில் பிடிக்கிற சாமான்கள்

நிரலை எதையாவது சொல்லி ஏமாற்றலாம். இரும்பும் பிளாஸ்டிக்குமாக இருக்கும் சாமானை ஏமாற்றுவது கஷ்டம். கேசட் பெட்டியோடு வந்த வாத்து சுடும் துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். அது எதையும் சுடுவதில்லை, அதன் குழாய்க்குள் ஒரு கண் இருக்கிறது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுக்கும், பிறகு வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும், அந்த வெளிச்சம் கண்ணில் பட்டால் வாத்து விழும். (பல்பின் பக்கம் நீட்டிச் சுட்டால் விழுமா என்று நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.) பழைய குழாய் டிவி சொன்ன கணத்தில் வரையும், அந்த வேகத் துடிப்பைத்தான் கண் எதிர்பார்க்கும். எல்சிடி டிவி படத்தை வாங்கி, கொஞ்சம் யோசித்து, சில மில்லிநொடி கழித்துக் காட்டும், துடிப்பும் வேறு மாதிரி. பெட்டி நன்றாக இருந்தும், துப்பாக்கி நன்றாக இருந்தும், வாத்து சாகாது. பழைய டிவியை எடைக்குப் போடாமல் இருந்தால்தான் உண்டு.

கேம் இல்லாத ஓர் உதாரணமும் சொல்லிவிடுகிறேன். டவுனில் தெரிந்த ஒருவர் கடையில் ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதிய டாஸ் பில்லிங் இன்னும் ஓடுகிறது, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கர்ர்ரென்று கத்திக்கொண்டே நகல் பில்லோடு அடிக்கும். கணினி செத்துப் புதிது வாங்கியபோது பிரிண்டரின் தடித்த கேபிளை மாட்ட ஓட்டையே இல்லை. யுஎஸ்பி மாற்றிக் கேபிள் ஒன்று வாங்கினார், விண்டோஸுக்குப் பிரிண்டர் தெரிந்தது, பில்லிங் நிரலுக்குத் தெரியவில்லை. ஏனென்றால் அந்த நிரல் தேடுவது எல்பிடி1 என்ற பழைய விலாசத்தை, புதுக் கேபிளோ யுஎஸ்பி தெருவில் குடியிருக்கிறது. டாஸ்பாக்ஸ் போட்டார்கள், நிரல் ஓடியது, பில் அடிக்கவில்லை. அது கேமுக்காக எழுதியது, அச்சு வேலை அதன் கவலையே இல்லை. அச்சையும் சேர்த்து நடிக்கிற டாஸ்பாக்ஸ் எக்ஸ் போட்ட பிறகுதான் கர்ர்ர் சத்தம் திரும்பி வந்தது.

## பூட்டு

இன்னொரு கசப்பும் உண்டு. 2000 வாக்கில் வந்த பல ஒரிஜினல் கேம் சிடிகளில் சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்புப் பூட்டு இருந்தது. அது விண்டோஸின் உள்ளறையில் ஒரு டிரைவரை உட்கார வைக்கும். டிரைவர் என்பது ஒரு சாமானோடு பேச ஆப்பரேட்டிங் சிஸ்டம் நம்பி உள்ளே விடுகிற சிறு நிரல். அந்த டிரைவர் பாதுகாப்புக்கு ஆபத்தானது என்று விண்டோஸ் 10 அதை ஏற்கவில்லை, 2015இல் பழைய விண்டோஸ்களிலும் ஓர் அப்டேட்டில் முடக்கிவிட்டார்கள். விளைவு, காசு கொடுத்து வாங்கியவன் சிடியை வைத்துக்கொண்டு முழிக்கிறான், என் நடைபாதை சிடிக்கு அந்தத் தொல்லையே இல்லை.

அதற்காக நடைபாதை சிடி நியாயம் என்று சொல்லவில்லை. எமுலேட்டர் வைத்திருப்பதே குற்றம் என்று சிலர் பயப்படுகிறார்கள். எமுலேட்டர் வேறு, அதில் போடும் கேமின் நகல் வேறு. அமெரிக்காவில் சோனி, பிளேஸ்டேஷன் எமுலேட்டர் செய்த கனெக்டிக்ஸ் மீது வழக்குப் போட்டு, 2000ஆம் ஆண்டு மேல்முறையீட்டில் கனெக்டிக்ஸ் பக்கம் தீர்ப்பானது. ஆனால் கேம்களுக்குப் பதிப்புரிமை இருக்கிறது, "பழசுதானே, கடையில் விற்கவில்லையே" என்பதால் அது தீர்ந்துவிடாது. பழைய கேம்கள் பலவற்றை டாஸ்பாக்ஸோடு சேர்த்தே இப்போது முறைப்படி விற்கிறார்கள், விலையும் அதிகமில்லை.

## கண்ட்ரோல் எஃப்12

அக்கா மகன் கதைக்கு வருவோம். திறக்காத அந்த முதல் கேமை டாஸ்பாக்ஸில் போட்டோம், திறந்தது. டாஸ்பாக்ஸில் வேகத்தை நாமே வைக்கலாம், அதில் சைக்கிள்ஸ் என்று ஓர் எண் வரும். கண்ட்ரோலோடு எஃப்11 அழுத்தினால் குறையும், எஃப்12 அழுத்தினால் கூடும். சிக்கல் என்னவென்றால் சரியான எண் எது என்று கேமில் எங்கேயும் எழுதியிருக்காது. எழுதியவன் தன் மேஜையில் இருந்த கணினியை நினைத்து எழுதினான், அது எந்தக் கணினி என்று அந்தக் கேமுக்குத் தெரியாது. ஆடிப் பழகியவர் ஞாபகம்தான் அளவுகோல். எனக்கோ 25 வருஷம் ஆகிவிட்டது, கூட்டிக் குறைத்துப் பார்த்ததில் எல்லா வேகமும் சரி மாதிரியே தெரிந்தது.

அதிரசம் சுட்டுக்கொண்டிருந்த அக்கா, ஒருநாளும் அதைத் தொட்டு ஆடாதவள், அடுப்படியிலிருந்து சத்தம் போட்டாள்:

"ஏல, அந்தச் சவத்த மறுபடி போட்டாச்சா? இப்படிப் பறக்காதுலா அது, டொக்கு... டொக்குன்னு மெதுவாத்தான கேக்கும்!"

எஃப்11ஐ ஏழெட்டுத் தடவை அழுத்தினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த எண்ணிலேயே வைத்துவிட்டோம்.